அமானிதம் பழகும் ஒரு வருடம்





கற்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் இரசாயனத் தொழில்நுட்பம் படிக்கிறாள். இரண்டு வருட வகுப்புப் படிப்பு முடிந்துவிட்டது. மூன்றாவது வருடம் முழுவதும் கொழும்புக்கு அருகே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பயிற்சி பெற வேண்டுமாம். "படிக்கத்தானே அனுப்பினோம், வேலைக்கா அனுப்பினோம்?" என்று வாப்பா கேட்கிறாராம். "கலியாணப் பேச்சு வந்திருக்கும் நேரத்தில் ஒரு வருடத்தை வீணாக்குவதா?" என்று மாமிமார் சொல்கிறார்களாம். பிள்ளையோ சாப்பிடாமல் இருந்து அழுகிறாளாம். "மௌலவி, நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

அனுப்புவதா இல்லையா என்பது பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால், அந்த ஒரு வருடம் எதற்காக என்று தெரியாமல் முடிவெடுத்துவிடக் கூடாது. இம்மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் நம் கரையோர ஊர்களிலும் பெருகி வருகிறார்கள். இன்று ஒரு வீட்டில் எழுந்த கேள்வி நாளை பல வீடுகளில் எழும்.

வீணான வருடமா?

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா மூன்று வருடப் படிப்பு. இரண்டு வருடம் வகுப்பிலும் ஆய்வுகூடத்திலும் கழியும். ஒரு வருடம் தொழிற்சாலையில் கழியும். அந்தப் பயிற்சி வருடத்தை முடிக்காதவருக்கு டிப்ளோமா இல்லை. இரசாயனப் பிரிவில் படிப்பவர்களுக்கு மருந்துத் தொழிற்சாலையும் ஒரு பயிற்சிக் களம். வெளிநாடுகளிலும் இம்முறை உண்டு. பிரித்தானியாவில் பட்டப்படிப்பின் நடுவே ஒரு வருடத்தை மருந்துக் கம்பனிகளில் கழித்துவிட்டு, மீண்டும் இறுதியாண்டு வகுப்புக்குத் திரும்பும் மாணவர்கள் பலர்.

இது நமக்குப் புதிய விஷயமல்ல. குர்ஆன் ஓதுவதைப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் யாராவது கற்றதுண்டா? உஸ்தாதின் முன்னால் உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்து, அவர் திருத்தத் திருத்தத்தானே எழுத்துகளின் மக்ரஜ் நாவில் படிகிறது! மையித்துக் குளிப்பாட்டும் முறை கிதாபிலே விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் நம் ஊர்ப் பெண்கள், அனுபவமுள்ள ஒரு பெரியும்மாவுடன் நின்று நாலைந்து தடவை தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் தனியே செய்யத் துணிகிறார்கள். பிழை விட்டால் திருத்த முடியாத காரியங்களையெல்லாம் நம் முன்னோர்கள் இப்படித்தான் கற்பித்தார்கள். மருந்து செய்வதும் அத்தகைய ஒரு காரியம்.

குவியலுக்குள் விட்ட கை

மதீனாவின் கடைத்தெருவில் நடந்த ஒரு சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. தானியம் விற்கும் ஒருவரின் குவியலைக் கடந்து நபி (ஸல்) அவர்கள் செல்கிறார்கள். மேலே பார்த்தால் உலர்ந்த தானியம். பெருமானார் (ஸல்) அவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்க்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. மழை பட்டுவிட்டது என்கிறார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரிக்கிறார்கள்.

சகோதரிகளே, தானியத்தை நாமும் கையால் அளைந்து பார்க்கலாம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். தேங்காயைத் தட்டிப் பார்க்கலாம். மருந்தை எப்படிப் பார்ப்பது? நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. போத்தலைத் திறந்து, பிஸ்மி சொல்லி, ஒரு கரண்டி பாணியை வாயில் ஊற்றுகிறீர்கள். அந்தப் பாணிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அதை விற்ற கடைக்காரருக்கும் தெரியாது. உங்களுக்குப் பதிலாக யாரோ ஒருவர் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஊற்றுகிறீர்கள்.

அந்த 'யாரோ ஒருவர்' ஆவதற்குத்தான் அந்தப் பிள்ளை ஒரு வருடம் போகிறாள்.

ஒரு குளிசையின் பயணம்

என்னிடம் பாடசாலையில் படித்த ஒரு மாணவர் இத்தகைய பயிற்சியை முடித்துவிட்டு வந்து, அங்கே நடப்பதை எனக்கு விளக்கிச் சொன்னார். தலைவலிக்கு நாம் போடும் ஒரு குளிசைக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறதா என்று வியந்துபோனேன்.

வந்திறங்கும் மூலப்பொருளை அப்படியே எடுத்துச் சேர்த்துவிடுவதில்லை. முதலில் தனியே ஒதுக்கி வைப்பார்கள். மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்து, அனுமதி கிடைத்த பிறகே உள்ளே போகும். ஒருவர் நிறுப்பார், இன்னொருவர் பார்த்து உறுதி செய்வார், இருவரும் கையொப்பமிடுவார்கள். பிறகு கலந்து, மணிமணியாகத் திரட்டி, உலர்த்தி, இயந்திரத்தில் அழுத்திக் குளிசையாக்குவார்கள். ஒரு மருந்து முடிந்து அடுத்த மருந்து தொடங்குமுன் முந்தியதன் ஒரு குளிசையோ ஒரு லேபிளோகூட அந்த இடத்தில் எஞ்சியிருக்கக் கூடாது. துப்புரவாக்கி, சரிபார்த்து, எழுதி வைத்த பிறகே இயந்திரத்தை மீண்டும் இயக்கலாம். ஏன் இவ்வளவு கவனம்? பிரஷர் குளிசைப் பெட்டிக்குள் நீரிழிவுக் குளிசை கலந்து போனால் ஓர் உயிர் போய்விடலாம்!

அதன் பிறகு சோதனை. 20 குளிசைகளை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்து, ஒன்றுக்கொன்று எடை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறார்கள். சுழலும் உருளையில் இட்டு 100 சுற்றுச் சுற்றுகிறார்கள். உதிர்ந்து போகும் தூள் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உடல் வெப்பமான 37 பாகை நீரில் போட்டுப் பார்க்கிறார்கள். பூச்சில்லாத சாதாரணக் குளிசை 15 நிமிடத்துக்குள் கரைந்து பிரிந்துவிட வேண்டும். கரையாத குளிசை வயிற்றுக்குள் போனால் கல்லுக்குச் சமம்தானே!

நம் ஊர் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தளம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கறிக்கு ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் ஒருவேளைச் சாப்பாட்டோடு போய்விடும். வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைக்குக் கொடுக்கும் ஜீவனியிலும் உப்புத்தான் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2002ஆம் ஆண்டில் அறிவித்த அளவின்படி, ஒரு லீட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். உப்பு அளவுக்கு மிஞ்சினால், காப்பாற்ற வேண்டிய கரைசலே அந்தக் குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். சமையலறையில் 'கைப்பக்குவம்' என்று நாம் சொல்வதற்கு அங்கே இடமில்லை. தராசு சொல்வதே அங்கு சட்டம்.

கை விட்டுப் பார்க்காதபோது

1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கம்பனி, ஸல்ஃபனிலமைட் என்ற மருந்தைப் பாணியாக்கி விற்றது. மருந்தைக் கரைப்பதற்கு டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற திரவத்தைச் சேர்த்தார்கள். அது இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தை அழித்துவிடும் நஞ்சு. மணமும் சுவையும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தார்களே தவிர, நஞ்சா என்று சோதித்துப் பார்க்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த வருடமே, பாதுகாப்பானது என்று காட்டாமல் புதிய மருந்தை விற்க முடியாது என்ற சட்டத்தை அந்நாடு கொண்டு வந்தது.

இவ்வளவு காலம் கடந்த பின்னும் அதே நஞ்சு திரும்பி வந்தது. 2022ஆம் ஆண்டில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கம்பியா நாட்டில், ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மரணித்தார்கள். இறக்குமதியான இருமல், சளிப் பாணிகளில் இந்த நஞ்சு இருப்பதாக அவ்வருடம் ஒக்டோபரில் உலக சுகாதார அமைப்பு எச்சரித்தது. அதே வருடத்தில் இந்தோனேசியாவிலும் இதே வகை நஞ்சு கலந்த பாணிகளால் 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தத் தாய்மாரும் நம்மைப் போல் பிஸ்மி சொல்லித்தான் ஊற்றியிருப்பார்கள். பாணிக்கு இனிப்பும் வழவழப்பும் கொடுக்கக் கிளிசரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். வந்த பீப்பாயில் இருப்பது உண்மையிலேயே அதுதானா என்று திறந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதித்தால் இந்த நஞ்சு அகப்பட்டுவிடும். பீப்பாயின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் நம்பினால், மேலே உலர்ந்திருந்த தானியத்தை நம்பிய கதைதான்.

எழுதுகோலின் அமானிதம்

அந்த மாணவர் சொன்ன இன்னொரு விஷயம் என் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. மருந்துத் தொழிற்சாலையில் எழுதி வைக்காத வேலை செய்யாத வேலைக்குச் சமமாம். செய்த உடனே எழுத வேண்டும். செய்தவரே எழுத வேண்டும். பிழையாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரு கோட்டால் வெட்டி, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையொப்பமும் திகதியும் இட வேண்டும்.

அல்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். சூரத்துல் பகராவில் வரும் அந்த ஆயத்து, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், எழுத மறுக்கக் கூடாது, சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோம்பக் கூடாது, சாட்சிக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்றெல்லாம் ரப்புல் ஆலமீன் அங்கே கற்றுத் தருகிறான். பணத்துக்கே இவ்வளவு என்றால் உயிருக்கு எவ்வளவு!

ஆகவே, பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு வரக்கூடிய பெரிய சோதனை தூரமுமல்ல, தனிமையுமல்ல. ஒரு நாள் அவசரத்தில் யாராவது, "அளந்து பார்க்கத் தேவையில்லை, நேற்றைய கணக்கையே எழுதிவிடு, எல்லோரும் இப்படித்தான்" என்று சொல்லக்கூடும். அவள் அங்கே மிகச் சிறியவள். மேலே இருப்பவரின் கையொப்பம் இல்லாமல் அவளுடைய பயிற்சி நிறைவேறாது. அந்த நேரத்தில் அவள் கை என்ன எழுதும்?

அது வீட்டில் வளர்த்த வளர்ப்பைப் பொறுத்தது. "மகள், பொய்க் கணக்கில் கையொப்பம் வைக்காதே. அதனால் சான்றிதழ் பிந்தினாலும் பரவாயில்லை. நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்று உம்மாவும் வாப்பாவும் புறப்படும் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு மறுக்கத் துணிவு வரும். சொல்லப்படாத பிள்ளை பயத்தில் எழுதிவிடும்.

நம் நாட்டுக்கு என்ன தேவை?

நம் நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலை என்ற பெருமகன் ஒருவர் இருந்தார். அத்தியாவசியமான மருந்துகளை, கம்பனியின் வணிகப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பொதுப் பெயரால் வாங்கினால் ஏழையும் வாங்கலாம் என்று போராடியவர். 1971ஆம் ஆண்டில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவர். 1977ஆம் ஆண்டில் கயானா நாட்டில் காலமானார். 1987ஆம் ஆண்டில் ஜப்பானின் உதவியோடு இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் உருவானது. மருந்துகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்துவதற்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது.

ஆனாலும் நாம் பாவிக்கும் மருந்துகளில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. 2022ஆம் ஆண்டில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் மக்கள் பட்ட பாடு நமக்கு மறக்கவில்லை. 2023ஆம் ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்துக் கொள்வனவு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சட்டமும் கட்டடமும் மட்டும் போதாது, உள்ளே அல்லாஹ்வுக்குப் பயந்த கைகளும் வேண்டும் என்பதைத்தானே இவை காட்டுகின்றன!

இமாம்கள் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று சொன்னார்கள். சமூகத்தில் சிலராவது செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குற்றம். மருந்து செய்தலும் அதன் ஒரு பகுதியே. முஸ்லிம்கள் இத்துறையில் முன்னோடிகளாக இருந்தவர்கள். அல்பீரூனி மருந்துப் பொருள்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1248இல் டமஸ்கஸில் வபாத்தான இப்னுல் பைத்தார் ஆயிரத்துக்கும் அதிகமான மருந்துகளை வகைப்படுத்தினார். கடைத்தெருவை மேற்பார்வை செய்த முஹ்தஸிப்மார் மருந்து விற்பவர்களையும் ஷர்பத் காய்ச்சுபவர்களையும் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று ஹிஸ்பா கிதாபுகளில் தனிப் பாடங்களே உண்டு.

பெண்பிள்ளை போகலாமா?

உஹது, கைபர் வரலாறுகளைப் படிக்கிறோம். உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் ஏழு யுத்தங்களில் கலந்து, உணவு சமைத்து, காயப்பட்டவர்களுக்கு மருந்திட்டதாக ஹதீஸ் சொல்கிறது. அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பராமரித்தது ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தான். பெண்ணின் கைக்கு மருத்துவம் அந்நியமானதல்ல.

அதற்காக ஒழுங்குகளைத் தளர்த்திவிட முடியாது. மஹ்ரமில்லாப் பயணம் பற்றிய ஹதீஸ்களை இலேசாக எடுக்கக் கூடாது. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வாப்பாவோ நானாவோ கொண்டுபோய் விடட்டும், லீவுக்குக் கூட்டி வரட்டும். தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு, இல்லையேல் நம்பகமான பெண்கள் விடுதி பார்க்க வேண்டும். இரவு முறை வேலை உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, பகல் முறையை வேண்டிக்கொள்ளலாம். உங்கள் நிலைமையை ஊர் உலமாக்களிடம் விளக்கி ஆலோசனை பெறுங்கள்.

உடை பற்றிக் கவலைப்படுகிறார்கள். மருந்து செய்யும் அறைக்குள் ஆணும் பெண்ணும் தலை முதல் கால் வரை மூடித்தான் போக வேண்டும். ஒரு முடிகூட வெளியே தெரியக் கூடாது. தாடி வைத்த ஆண்களுக்குத் தாடிக்கும் உறை! வளையல், மோதிரம், முகப்பூச்சு எதற்கும் அங்கே அனுமதியில்லை. தொழுகை விஷயத்தில் மட்டும் திட்டமிட வேண்டும். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒவ்வொரு முறையும் உடை மாற்றும் வேலையாதலால், இடைவேளையை லுஹர், அஸர் நேரத்துக்குப் பொருத்தித் தரும்படி முதல் நாளிலேயே மேற்பார்வையாளரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளட்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்து கழா செய்வதுதான் பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மௌலவி, இந்தக் கெப்ஸ்யூல் ஹலாலா?" என்று நீங்கள் எங்களிடம் கேட்கிறீர்கள். கெப்ஸ்யூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். தாவரப் பொருளால் செய்த கூடுகளும் உண்டு. மாற்று மருந்து இல்லாத நிர்ப்பந்தத்தில் என்ன செய்வது என்பதற்கு ஃபிக்ஹு கிதாபுகளில் விளக்கம் இருக்கிறது. ஆனால் இந்தக் கூடு எதனால் ஆனது என்பதை எந்தக் கிதாபிலும் பார்க்க முடியாது. அதைத் தெரிந்து சொல்ல, அந்தத் துறைக்குள் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும். பிள்ளைகளை அனுப்பாமல் வைத்துக்கொண்டு மௌலவிமாரிடம் மட்டும் பதில் கேட்டால் எப்படி?

வீட்டில் நம் பங்கு

தொழிற்சாலையில் இவ்வளவு கவனமாகச் செய்த மருந்தை வீட்டில் நாம் பாழாக்கிவிடுகிறோம். கரையோரக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். குளிசைகளைச் சமையலறைத் தட்டிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெயில் படாத, உலர்ந்த இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அட்டையை வெட்டும்போது காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள பகுதியைக் கடைசிவரை விட்டு வையுங்கள். ஒரு மருந்தில் பழுது கண்டு திரும்பப் பெறுவதாக அறிவித்தால், அந்த இலக்கத்தை வைத்துத்தான் உங்களிடம் இருப்பது அதுவா என்று அறியலாம். பெரியவர்களின் பாணியைக் கரண்டி குறைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பு என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருப்பதை நினைவில் வையுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் ஆலோசனை இதுதான். பயிற்சியில் கிடைக்கும் கைச்செலவுப் பணம் சிறியதாக இருக்கலாம். அதை வைத்து அந்த வருடத்தை அளக்க வேண்டாம். கலியாணப் பேச்சு வந்தால், ஒரு வருடம் பொறுக்கும்படி மாப்பிள்ளை வீட்டாரிடம் பண்பாகச் சொல்லிப் பாருங்கள். மகள் செய்யப்போவது இன்ன வேலை என்று விளங்கப்படுத்துங்கள். நல்ல குடும்பம் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளும். வாப்பா ஒரு முறை அந்த இடத்துக்கு நேரில் போய், தங்குமிடத்தையும் பார்த்துவிட்டு வரட்டும். பிறகு இருவரும் இஸ்திகாரா தொழுது, மகளையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

நம் பிள்ளைகளின் கைகளை அமானிதம் பேணும் கைகளாக வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! அவர்கள் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் உண்மையானதாக ஆக்குவானாக! நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.